மாமா மொழிபெயர்க்காத கேள்வி

முதுகு நொந்த ஆம்பிளைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நோகாதவர்கள் சும்மா சிரிப்பதற்காகவாவது வாசிக்கலாம், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் மனைவி வதனி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் எழுதப்போறீங்களோ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும்தான் என்றேன். "அப்ப என்ர பேரைச் சரியா எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். வீடு அன்புவழிபுரத்தில், வேலை கடற்கரை நெடுகிலும். எங்கே எஞ்சின் இருமுகிறதோ அங்கே நான் நிற்பேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய எஞ்சினைப் படகிலிருந்து கழற்றினால் ஒரு தடியில் கயிறு போட்டுக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு தோள் கொடுத்துத்தான் கரையேற்றுவோம். ஒருவன் தனியே தூக்குவதில்லை. இது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறியது இறக்கக்கண்டியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எஞ்சினைக் கழற்றி முடித்த நேரம் படகுக்காரரும் மற்றவர்களும் ஜும்மாவுக்குப் புறப்பட்டார்கள். தொழுதுவிட்டு வந்து தூக்குவோம், அதுவரை தொடவேண்டாம் என்று படகுக்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். நிழலில் குந்தி இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பசி. வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறிச் சாப்பாடு. ஒரு கத்தரிக்காய்க் கறிக்காக இடுப்பை உடைத்துக்கொண்ட ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

எஞ்சினைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். தூக்கினதும் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு எட்டு வைத்ததும் ஈரமணலில் கால் புதைந்து உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. இடுப்புக்குள் ஏதோ பிசகியது எனக்கே கேட்டது. அப்படியே எஞ்சினோடு சேர்ந்து விழுந்தேன். ஜும்மா முடிந்து எஞ்சினைக் காவ வந்தவர்கள் என்னைக் காவிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றினார்கள்.

வீட்டில் எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம், கடையில் நோவு மாத்திரை வாங்கி விழுங்கினேன். முதலில் வலி இரண்டு கால்களுக்குள்ளாலும் இறங்கி உயிரை எடுத்தது. பிறகு ஒரு பின்னேரம் வலி கொஞ்சம் குறைந்தது. அப்பாடா என்று சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம்தான் என்னை ஏமாற்றியது. வலி குறைந்த இடம் மரத்துப்போயிருந்தது. கதிரையில் இருந்தால் என் பின்பக்கம் எனக்கே தெரியவில்லை. வேறு யாருடையதையோ இரவல் வாங்கி வைத்து இருப்பதுபோல இருந்தது. சலம் கழிக்கப் போய் நின்றால் நின்றுகொண்டே இருக்கவேண்டும். இன்னொன்றும் நடந்தது. விடியற்காலையில் ஆம்பிளைகளுக்குக் கேட்காமலே வருகிற விறைப்பு வரவில்லை. தொட்டுப் பார்த்தால் தொட்ட கைக்குத்தான் தெரிந்தது, தொட்ட இடத்துக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்குக் கல்யாணம் முடிந்து அதிக காலம் இல்லை. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் தாலி கட்டினேன். அவளுக்குத் தங்கச்சிமாரைக் கரைசேர்க்க வேண்டியிருந்தது, எனக்குத் தகப்பனில்லாத வீட்டுச் சுமை. இரண்டு பேரும் வாழ்க்கை பிந்திப்போனதே என்று கவலைப்பட்டு, பிறகு பிந்தினாலும் வந்ததே என்று குதூகலப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் இப்படி. மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வதனியிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை எழும்பி நடக்கக் கால்கள் தடுமாறின. வதனி தான் வேலை செய்கிற கடைக்குப் போகாமல் ஓட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவைத்து, எலும்பு முறிவுக்காரர் படுக்கிற வாட்டில் கட்டில் கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஹனீபா நானா. தோப்பூரில் வயல்காரர். உழவு மெசினில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, கயிற்றில் கட்டித் தூக்கிய காலோடு வாட்டை ஆண்டுகொண்டிருந்தார். யாருக்கு என்ன வருத்தம், யார் வீட்டில் என்ன கறி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னைக் கண்டதும் எங்கே விழுந்தீர்கள் என்றார். கதையைச் சொன்னேன். "ஜும்மாவுக்குப் போன ஆக்கள் வாறத்துக்குள்ள தூக்கினா வேற என்னவாம் வரும் தம்பி" என்று சொல்லி, ஒரு கதலிப் பழம் தந்தார்.

இனி மாமாவை அறிமுகப்படுத்தவேண்டும். மாமா என்றால் வதனியின் அப்பா. துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பழகிய சிங்களம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. எங்கள் சொந்தத்தில் பொலிசுக்குப் போவதென்றாலும், அரசாங்கக் கச்சேரிக்குப் போவதென்றாலும், சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வெளுத்த சேட்டுப் போட்டு, பேனையைக் குத்திக்கொண்டு வந்து நிற்பார். நான் ஆஸ்பத்திரியில் என்றதும் அப்படித்தான் வந்தார். வதனி சாப்பாடு சமைக்க வீட்டுக்குப் போனாள். மாமா கட்டிலின் தலைமாட்டில் காவல் நின்றார்.

நோயாளிகளைப் பார்க்க வந்தவ ஒரு இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை. வதனியைவிட வயது குறைவாக இருக்கும். நல்ல சிரித்த முகம். தமிழில் "வணக்கம்", "எங்கே நோகுது" என்ற அளவுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் மாமாவின் வாயால். எப்படி விழுந்தார், எந்தக் கால் கூட நோகுது, காய்ச்சல் இருக்கிறதா, எல்லாவற்றையும் மாமா ஒரு சொல் தவறாமல் தமிழாக்கினார். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு டொக்டர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு நீளமான கேள்வி கேட்டா. கேட்கக் கேட்க மாமாவின் முகம் மாறியது. முதலில் சிவந்தது, பிறகு களஞ்சியக் கதவுபோலப் பூட்டிக்கொண்டது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேராக டொக்டரைப் பார்த்து, அப்படி ஒரு பிரச்சினையும் இல்லை என்று தானாகவே பதில் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும். டொக்டர் என்னைப் பார்த்தா. நான் மாமாவைப் பார்த்தேன். டொக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனா.

"என்ன மாமா கேட்டவ?"

"சாப்பாடு செமிக்குதோ எண்டு."

"அதுக்கு ஏன் மாமா இவ்வளவு நீளம்?"

"டொக்டர்மார் விபரமாத்தான் கேப்பினம் தம்பி. நீங்க படுங்கோ."

படுத்தேன். கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று எனக்கு மனதில் பட்டது. ஆனாலும் பாருங்கள், பெண் கொடுத்த மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? "மாமா, எனக்கு இன்ன இடம் மரத்துப் போச்சு" என்று எந்த மருமகன் சொல்லியிருக்கிறான்? அந்தக் கேள்வியை அவரால் கேட்க ஏலாது, என்னால் பதில் சொல்ல ஏலாது. இரண்டு மானஸ்தர்களும் சேர்ந்து என் உடம்பைப் பணயம் வைத்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் பார்வையாளர் நேரத்துக்கு வதனி சோற்றோடு வந்தாள். வந்தவளின் கண் முதலில் போனது கட்டிலுக்குக் கீழே இருந்த சலப் போத்தலுக்கு. அது காய்ந்துபோய்க் கிடந்தது. விடியவிருந்து போகவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். முட்டவில்லையா என்றாள். முட்டுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றேன். அவள் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அடிவயிறு கல்லாக இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அவள் முகம் வெளிறியதைக் கண்டதும் எனக்குள் கட்டிவைத்த கட்டெல்லாம் உடைந்தது. காதைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன்.

"வதனி, எனக்கு அங்க ஒண்டும் உணருதில்லை. விறைப்பும் வாறேல்லை. பயமா இருக்கு."

அவள் சோற்றுப் பார்சலை ஹனீபா நானாவின் மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள். விசயத்தை அரைகுறையாக ஊகித்த மாமா, "நீ இரு பிள்ளை, நான் போய்க் கதைக்கிறன்" என்றார். "நீங்க கதைச்சது காணும் அப்பா, இதில இருங்கோ" என்றாள். மாமாவை அவள் அப்படி எதிர்த்துச் சொன்னதை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை.

வதனிக்குத் தெரிந்த சிங்களம் புடவைக்கடைச் சிங்களம். டவுனில் ஒரு கடையில் துணி அளந்து கொடுக்கிறவள். நிறம், நீளம், அகலம், இருக்கிறது, இல்லை, நாளைக்கு வரும், இவ்வளவுதான் அவள் வாயில் வருகிற அகராதி, மற்றதெல்லாம் கேட்டால் ஓரளவு விளங்கும். அந்த அகராதியை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற டொக்டரை மறித்தாள். தன் உடம்பிலேயே கையால் அளந்து காட்டினாளாம்: இங்கேயிருந்து இங்கேவரைக்கும் இல்லை. தண்ணீர் இல்லை. ஆம்பிளைக்கு இருக்கிறதும் இல்லை. பிறகு, சாமான் முடிந்துபோனால் வாடிக்கையாளர் இவளிடம் கேட்கிற அதே கேள்வியை இவள் டொக்டரிடம் கேட்டாள்.

"இப்ப இல்லை. பிறகு வருமா?"

டொக்டர் சிரிக்கவில்லை. கையில் இருந்ததை மேசையில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக என் கட்டிலுக்கு வந்தா. திரையை இழுத்து மூடினார்கள். சிறிய ஊசியால் தொடையின் உட்பக்கம், பின்பக்கம், நடுப்பகுதி எல்லாம் குத்திக் குத்தி "நோகுதா?" என்று கேட்டா. சைக்கிள் ஆசனம் படுகிற இடம் முழுவதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறை போட்டு இன்னொரு சோதனையும் செய்தா, அதை விவரிக்கத் தேவையில்லை. அதுவும் அரைவாசிதான் தெரிந்தது. பிறகு குழாய் போட்டுச் சலத்தை எடுத்தார்கள். பை நிறைந்ததைக் கண்ட ஹனீபா நானா, இதை வைத்து ஒரு வரவை வயலுக்குத் தண்ணி பாய்ச்சலாம் என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரிய டொக்டரும் வந்து பார்த்தார். இளம் டொக்டர் மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் தான் சொல்வதில் ஒரு சொல்லையும் விடாமல் சொல்லவேண்டும் என்று சொன்னா. மாமா ஜன்னலில் இருந்த காகத்தைப் பார்த்துக்கொண்டு, சரக்கு ஒப்புவிப்பதுபோல எனக்கு மொழிபெயர்த்தார். வாசிக்கிறவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முள்ளந்தண்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல ஒரு தட்டு இருக்கிறது. பாரம் தூக்கித் திரும்பினபோது என் இடுப்புத் தட்டு ஒன்று வெடித்து உள்ளே இருந்தது பிதுங்கிவிட்டது. சாதாரணமாக அது ஒரு பக்க நரம்பை அமத்தும், கால் வலிக்கும், ஓய்வோடும் பயிற்சியோடும் மாறும். அனேகம் பேருக்கு அவ்வளவுதான். எனக்கு நடுவாலே பிதுங்கி, குதிரை வால் மாதிரித் தொங்குகிற நரம்புக் கற்றை முழுவதையும் நசித்துவிட்டது. அந்தக் கற்றையின் நடு நரம்புகள்தான் சலப்பை, மலவாசல், ஆணுறுப்பு எல்லாவற்றுக்கும் போகிறவை. உணர்வும் அதன் வழிதான், விறைப்புக்கு இரத்தத்தைத் திறந்துவிடச் சொல்லும் கட்டளையும் அதன் வழிதான். ஆகவே ஆளில் பிழையில்லை, ஆசையில் பிழையில்லை, இரத்தத்திலும் பிழையில்லை. கட்டளை போகிற பாதைதான் அடைபட்டிருக்கிறது.

எஞ்சின்காரனுக்கு இது உடனே விளங்கியது. "வயர் அறுந்து போச்சோ, நசிஞ்சு கிடக்கோ எண்டு கேளுங்கோ மாமா" என்றேன். மாமா காகத்திடம் கேட்டார், காகம் டொக்டரிடம் கேட்டது. நசிந்துதான் கிடக்கும், ஆனால் நசிந்து கிடக்கிற நேரம் கூடக் கூட மீளுவது கஷ்டம் என்று பதில் வந்தது. உடனே பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஸ்கான் எடுத்து, ஒப்பரேசன் செய்யவேண்டும். சலம் கழிவது அனேகமாகச் சரிவரும். மற்றது வருமா வராதா என்று இப்போது சத்தியம் பண்ண ஏலாது.

இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது மாமா காகத்தை விட்டுத் தலையைக் குனிந்தார். காலையில் தான் விழுங்கின கேள்வியை டொக்டர் கேட்டது இதற்காகத்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. வதனிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னமே விளங்கியிருந்தது.

அம்புலன்சில் வதனி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில். வழி நெடுகச் சிங்களத்தில் ஏதோ குசுகுசுத்துக்கொண்டு வந்தார். என்ன கதைக்கிறார் என்று கேட்டேன். வதனி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள். "ஆம்பிளைச் சமாச்சாரத்துக்கெல்லாம் மரியாதையான சொல்லு என்னெண்டு சாரதியிட்டக் கேக்கிறார்" என்றாள். குலுங்கிச் சிரிக்கவும் முடியாது, முதுகு விடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் சிரித்தேன்.

ஸ்கான் எடுக்கிற குழாய்க்குள் போவது ஒன்றும் நோகாது, சத்தம்தான். இரும்புப் படகை வெளியிலிருந்து சுத்தியலால் அடிக்கும்போது உள்ளே படுத்திருப்பதுபோல இருக்கும். எனக்குப் பழக்கமான சத்தம் என்பதால் பயப்படவில்லை. ஒப்பரேசனில் முதுகில் சின்னதாக வெட்டி, எலும்பில் கொஞ்சம் எடுத்து, பிதுங்கினதை அகற்றி நரம்புகளுக்கு இடம் விட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி; கட்டணம் என்று யாரும் கை நீட்டவில்லை. வெளியே எங்களுக்குச் செலவானது பேருந்துக்கும் சோற்றுக்கும்தான். அதையும் மாமா யாரையும் தொடவிடவில்லை.

மயக்கம் தெளிந்தபோது கால் வலி போயிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். மாமா சேட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, நான் வாய் திறக்க முன்னம், எல்லாக் கேள்வியையும் தானாகவே கேட்டார். எப்போது உணர்வு வரும், எப்போது விறைப்பு வரும், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது. சாரதியிடம் படித்த மரியாதையான சொற்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நிபுணர் பொறுமையாகப் பதில் சொன்னார்: நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், மாதக் கணக்கில் பார்க்கவேண்டும், சிலருக்கு முழுதாக, சிலருக்குப் பாதி, சிலருக்கு வராது. இரத்த ஓட்டத்துக்கு உதவுகிற மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் டொக்டரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. மாமா இந்தத் தரம் காகத்தைத் தேடவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

திரும்ப எங்கள் ஊர் வாட்டுக்கு வந்தபோது ஹனீபா நானாவின் கால் அதே கயிற்றில்தான் தொங்கியது. "ஒங்களுக்கு முதுகு, எனக்குக் காலு. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு மனுசன் தேறும்" என்று வரவேற்றார். குழாயைக் கழற்றினபிறகு நானாகச் சலம் கழிக்கிறேனா என்று வாட்டே காத்திருந்தது. முதல் நாள் வரவில்லை, திரும்பக் குழாய். அடுத்த முறை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சொட்டாக வந்து, பிறகு தாரையாக வந்தது. போத்தலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தேன். ஹனீபா நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமா வெளியே போய் வாட்டுக்கே இனிப்பாகத் தொதல் வாங்கி வந்தார். ஒருவன் மூத்திரம் பெய்ததற்காகத் தொதல் பங்கிட்ட வாட்டு அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் மற்றது வரவில்லை.

வீட்டுக்கு விடமுதல் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் எங்களைக் கூப்பிட்டார். டவுன் பொடியன், தமிழ்தான், மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அப்படியும் மாமா எழும்பிப் போகவில்லை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்தப் பொடியன் வெட்கப்படாமல் சொன்னார். நரம்பு ஒரு பக்கம். வலி, வலி வந்துவிடுமோ என்ற பயம், நித்திரை இல்லாதது, சில மாத்திரைகள், இவையும் சேர்ந்துதான் ஆளை விழுத்தும். முதுகு சாதாரணமாக நொந்த ஆட்களுக்கே இதனால் ஆசை குறையும். அவசரப்படக்கூடாது, ஆனால் ஒருவரையொருவர் தொடாமலும் இருக்கக்கூடாது. நேரம் வந்தால் முதுகை வளைக்காமல் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவேண்டும், அல்லது பக்கமாகச் சரிந்து கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கவேண்டும். பாரம் முதுகில் விழக்கூடாது. வதனி தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். மாமா ஒருவர்தான் நேராகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் முன்வாசல் கதிரையில் இரண்டு புதுத் தலையணைகள் இருந்தன. மேலே மூடின பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. மாமா படலையைச் சாத்திக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தார். வதனி ஒரு தலையணையை முகத்தில் அமத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியக் கண்ணைத் துடைத்தாள். "அப்பா மன்னிப்புக் கேக்கிறார்" என்றாள்.

பிறகு வந்த மாதங்கள் லேசானவை இல்லை. நடந்தேன், பயிற்சி செய்தேன், கடற்கரைக்குப் போய் மற்றவர்கள் தடியில் எஞ்சின் காவுவதை மேற்பார்வை செய்தேன். உணர்வு ஓரங்களிலிருந்து துளித்துளியாகத் திரும்பியது, முதலில் எறும்பு ஊர்வதுபோல. நடுவுக்கு வரவில்லை. இரண்டொரு தரம் முயன்று தோற்றேன். ஒரு தரம் மனம் விட்டு அழுதேன். இவ்வளவு பிந்தி வந்தவளுக்கு நான் இப்படி ஆகிவிட்டேனே என்றேன். பக்கத்தில் படுத்திருந்தவள் என் தலையில் குட்டினாள்.

"கடையில ஒரு நிறம் முடிஞ்சு போச்செண்டு கடையைப் பூட்டுறதோ? இருக்கிறதைப் பாத்து ஆக்கள் சந்தோசமாத்தான் போகினம். நீங்க எனக்கு இருக்கிறீங்கள். அது எனக்குப் பெருசு."

நரம்புக்கு இல்லாவிட்டாலும் எனக்கு அது மருந்தாக இருந்தது. பயம் போன பிறகு நித்திரை வந்தது.

ஒரு விடியல். குசினியில் வதனி புட்டுக்கு மா குழைக்கிற சத்தம் கேட்டது. கண் விழித்தேன். ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்ன என்று யோசித்தேன். பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். ஊரில் இல்லாமல் போன ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து படலையில் நிற்பதுபோல நின்றது. முழுதாக இல்லை, கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தது, ஆனால் ஆள் அதேதான். "வதனி!" என்று கத்தினேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து மாக் கையோடு ஓடி வந்தாள். வந்து பார்த்தாள். கட்டில் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டாள். என் வேட்டி, போர்வை, என் கன்னம் எல்லாம் புட்டு மா. இரண்டு பேரும் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. அன்று புட்டு அவியவில்லை.

அதன்பிறகும் ஒரே ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். டொக்டர் எழுதித் தந்த மாத்திரை கொஞ்ச நாள் கைகொடுத்தது. மாமாவின் தலையணைகளும் கைகொடுத்தன. முந்தின மாதிரி முழுக்கவா என்று கேட்டால் இல்லை. போதுமா என்று கேட்டால், வதனியைக் கேளுங்கள், சொல்ல மாட்டாள்.

போன கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். அதே இளம் டொக்டர். நடக்கச் சொல்லிப் பார்த்தா, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, அன்று கேட்ட அதே நீளமான கேள்வியைக் கேட்டா. மாமா எழும்பி நின்றார்.

"தம்பி, டொக்டர் கேக்கிறா. சலம், மலம் போறது உணருதோ? கீழ்ப்பக்கம் உணர்வு இருக்கோ? ஆணுறுப்பு விறைக்குதோ? குடும்ப உறவு வைக்க ஏலுதோ? யோசிச்சு உண்மையைச் சொல்லுங்கோ."

ஒரு சொல் தவறவில்லை. வதனி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"ஓம் மாமா," என்றேன். "எல்லாத்துக்கும் ஓம்."

மாமா உடனே மொழிபெயர்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு டொக்டரிடம் சொன்னார், சொல்லி முடியாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். என் "ஓம்" அவ்வளவு நீளம் இல்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்பா என்ன சொல்லுகிறார் என்று வதனியைக் கேட்டேன்.

"அண்டைக்குப் பிரச்சினை இல்லையெண்டு சொன்னது மருமகன் இல்லை, தான்தானாம். அவரிட்டக் கேக்காமலே சொன்னதாம்," என்று மெல்லச் சொன்னாள்.

டொக்டர் எழும்பி மாமாவின் கையைப் பிடித்து, தமிழில் "நன்றி அப்பா" என்றா.

நாங்கள் வெளிக்கிடும்போது அடுத்தவர் உள்ளே வந்தார். இறக்கக்கண்டிப் பக்கத்துக் கடற்றொழிலாளி, நான் கண்ட முகம். இடுப்பில் கை வைத்துக் கூனிக்கொண்டு தனியே வந்திருந்தார். சிங்களம் தெரியாது போலும்; டொக்டர் ஏதோ கேட்க விழித்தார். மாமா வாசலில் நின்றுவிட்டார். எங்களைப் போய் பஸ்சுக்கு நிற்கச் சொன்னார்.

"நீங்க வாறேல்லையோ அப்பா?"

"பிறகு வாறன் பிள்ளை."

திரும்ப உள்ளே போய், திரையை ஓரம்வரை இழுத்து மூடினார். நாங்கள் இரண்டடி வைக்கவில்லை, திரைக்கு அங்கால் அவரின் குரல், களஞ்சியத்துக் குரல் இல்லை, மெதுவான குரல் கேட்டது.

"தம்பி, இவ இப்ப ஒரு கேள்வி கேப்பா. நான் முழுசாச் சொல்லுவன். நீங்க வெக்கப்படாமப் பதில் சொல்லுங்கோ."